தெருவுக்காக வரைந்த சுவர்கள்: மண்டாவா நாட்குறிப்பு

செவ்வாய்க்கிழமை, மண்டாவா

ஜெய்ப்பூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்தில் இருக்கிறது மண்டாவா. வழிநெடுகக் கடுகு பூத்திருந்தது. வயல்களுக்கு நடுவே வன்னி மரங்கள் தனித்தனியாக நின்றன. நானும் அக்காவும் இங்கு வந்திருப்பது தெருச் சுவர்களைப் பார்ப்பதற்காகவே. பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் அக்கா, இவ்வூர் ஓவியங்களை அவசரமில்லாமல் நின்று பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டாவா, நவல்கர், ஃபதேபூர், ராம்கர், லட்சுமண்கர் முதலிய ஊர்கள் அடங்கிய இந்தப் பகுதிக்கு ஷேகாவதி என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் இங்கே ஆட்சியை நிலைநிறுத்திய ராவ் ஷேகாவின் பெயரிலிருந்து வந்தது அது. குஜராத்தின் துறைமுகங்களிலிருந்து தில்லிக்குச் செல்லும் வணிகச் சாத்துகள் ஒருகாலத்தில் இவ்வழியே ஒட்டகங்களில் சென்றன. அந்த வணிகத்தால் வளர்ந்த மார்வாடிக் குடும்பங்கள், ஆங்கிலேயர் காலத்தில் வாணிபம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடம் பெயர்ந்தபோது தாங்களும் அங்கே சென்று பொருள் ஈட்டின. பெண்களும் பிள்ளைகளும் சொந்த ஊரிலேயே இருந்ததால், ஈட்டிய பொருளில் பெரும்பகுதி ஊருக்கு வந்து ஹவேலி எனப்படும் மாளிகைகளாகவும், கோயில்களாகவும், கிணறுகளாகவும், சத்திரங்களாகவும், முன்னோருக்கான நினைவு மண்டபங்களாகவும் மாறியது. இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் வெற்றுச் சுவராக விட்டுவைக்கவில்லை என்பதுதான் எங்களை இவ்வளவு தூரம் வரவழைத்தது.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளும் இதே போன்ற வரலாற்றிலிருந்து எழுந்தவையே. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணம் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் வீடுகளாக நிற்கிறது. ஆனால் அங்கே முகப்பின் உச்சியில் சுதை உருவங்களை நிறுத்திய பிறகு, சுவரைப் பளிங்குபோல வழவழப்பாகவும் வெண்மையாகவும் விட்டுவிடுவது வழக்கம். இங்கோ தெருவில் போகிற யாரும் அண்ணாந்து பார்த்துக் கதை படிக்கும்படி, வாசல் நிலைக்கு மேலிருந்து, வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்பான கொடுங்கையின் அடிவரை படங்கள் நிறைந்திருக்கின்றன.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கடைத்தெருவில் ஒரு நடை மட்டும் போய்வந்தோம். வளையல் கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே ஓர் ஒட்டகம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் டோலாவும் மாருவும் அமர்ந்திருந்தார்கள். ராஜஸ்தான் முழுவதும் பாடப்படும் காதல் கதையின் நாயகனும் நாயகியும் அவர்கள். டோலா ஒட்டகத்தை விரட்ட, மாரு பின்பக்கமாகத் திரும்பி, துரத்தி வருவோர்மீது அம்பெய்கிறாள். காதலனின் தோளைப் பற்றிக்கொண்டு ஒதுங்கியிருக்காமல் தானே வில்லெடுத்த அந்தப் பெண்ணை, கடை விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகும் அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

புதன்கிழமை, மண்டாவா

ஊரைச் சுற்றும் முறையை வெயிலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். கிழக்குச் சுவர்களைக் காலையில் பார்த்துவிட வேண்டும். இந்தக் குளிர்மாதத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால், தெற்குச் சுவர்களில் கொடுங்கையின் அடிவரை நண்பகலிலும் வெளிச்சம் ஏறுகிறது. கோடையில் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும் படங்கள்கூட இப்போது நன்றாகத் தெரிகின்றன. வடக்குச் சுவர்களை எந்த நேரமும் ஒரே சீரான நிழலில் பார்க்கலாம்.

ஆகவே காலையில் முதலில் போனது பன்சிதர் நியோட்டியா ஹவேலியின் கிழக்குச் சுவருக்கு. 1920களைச் சேர்ந்த இந்தச் சுவரில் இருப்பவை அக்காலத்தின் வியப்புகள். ஒருவன் தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசுகிறான். ஒரு பலசாலி மோட்டார் வண்டியை இழுக்கிறான். ஒரு விமானம் பறக்கிறது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானம் அது என்று ஊரில் சொல்கிறார்கள். அச்சில் வந்த படத்தைப் பார்த்தோ, கல்கத்தாவிலிருந்து திரும்பியவர்கள் சொல்லக் கேட்டோதான் ஓவியர் இதை வரைந்திருக்க வேண்டும். தெரியாத இயந்திரத்தின் உறுப்புகளைத் தமக்குத் தெரிந்த உருவங்களைக் கொண்டு அவர் நிரப்பியிருக்கும் விதம் என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. இந்த ஓவியர்களைக் கற்பனையில்லாத கைவினைஞர்கள் என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். கண்ணால் காணாத ஒன்றைத் தன் ஊராருக்குக் காட்டிவிட வேண்டும் என்று முனைந்த ஒருவரிடம் கற்பனை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நண்பகலில் முர்முரியா ஹவேலிக்குப் போனோம். 1930களைச் சேர்ந்த வீடு இது. அதன் மணல் முற்றத்தில் நின்றால் பக்கத்து வீட்டின் தெற்குச் சுவர் முழுமையாகத் தெரிகிறது. அதில் ஒரு நீண்ட ரயில் வண்டியும் ரயில்வே கேட்டும், எஞ்சினுக்கு மேலே பறக்கும் ஒரு காகமும் இருக்கின்றன. முர்முரியா வீட்டில் நேரு தேசியக் கொடியைப் பிடித்தபடி குதிரைமேல் வருகிறார். அதே வீட்டின் வளைவுகளுக்கு மேலே வெனிஸ் நகரத்துக் கால்வாய்களும் படகுகளும்! பாலைநிலத்தின் விளிம்பில், நீரைக் கிணற்றின் ஆழத்தில் தேட வேண்டிய ஓர் ஊரில், தெருவே நீராக இருக்கும் நகரத்தை ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் வரைந்துகொள்ள விரும்பியிருக்கிறார்.

பிற்பகலில் கோயங்கா குடும்பத்தாரின் வீடுகளுக்குப் போனோம். அனுமன் பிரசாத் கோயங்கா ஹவேலியில் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு விலங்குகள் உள்ளன. ஒரு பக்கமிருந்து பார்த்தால் இந்திரன் ஏறிவரும் யானை. மறுபக்கமிருந்து பார்த்தால் சிவன் ஏறிவரும் காளை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாம் பார்க்கும் ரிஷப குஞ்சரமும் இதே அமைப்புத்தான். 12ஆம் நூற்றாண்டுச் சோழர் சிற்பிக்கும் ராஜஸ்தானத்துச் சுவர் ஓவியருக்கும் பொதுவான அந்த விளையாட்டைக் கையால் ஒரு பாதியை மறைத்து, பின் மறு பாதியை மறைத்து, மாறி மாறிப் பார்த்தோம். அவ்வழியே பள்ளி விட்டு வந்த இரண்டு சிறுமிகள் நாங்கள் செய்வதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கையை உயர்த்தி மறைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் இந்தச் சுவரைக் கடந்து பள்ளிக்குப் போகும் வாய்ப்புப் பெற்றவர்கள் அவர்கள்.

கோயங்கா இரட்டை ஹவேலியின் யானைகளையும் குதிரைகளையும் பார்த்த பிறகு, அருகிலுள்ள தாகுர்ஜி கோயிலுக்குப் போனோம். அங்கே பீரங்கியின் வாயில் கட்டிச் சிப்பாய்களைச் சுடும் காட்சி இருக்கிறது. 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அளித்த தண்டனை அது. இந்த ஊர்ச் சுவர்கள் வெறும் செல்வச் செழிப்பின் விளம்பரம் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் படத்தின் முன் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலேயருடன் வாணிபம் செய்து செழித்த ஊரில்தான், வழிபட வருகிற எவர் கண்ணிலும் படுமாறு அந்தக் கொடுமையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை, மண்டாவா

இன்று புதிய சுவர் எதையும் தேடிப் போகவில்லை. நேற்றுப் பார்த்தவற்றையே மிக அருகில் சென்று பார்த்தோம்.

இந்த ஓவியங்களை வரைந்தவர்களுக்குச் செஜாரா என்று பெயர். சுவரைக் கட்டும் கொத்தனாரும் அதில் ஓவியம் தீட்டுபவரும் அவரே. பெரும்பாலோர் குயவர் குலத்தினர். வெளிச்சுவரில் கையாண்ட முறையில் ஈரம்தான் எல்லாம். சுண்ணாம்புக் காரையின் மேல் பூச்சு காயும் முன்பே, நீரில் கரைத்த வண்ணத்தை அதன்மேல் வைத்து மெல்லத் தட்டி உள்ளே இறக்க வேண்டும். சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் கல்லாகிறது; அப்போது வண்ணத்துகள்களும் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகின்றன. அதனால் மழை கழுவினாலும் எளிதில் போவதில்லை. ஆராயிஷ் என்று இங்கே வழங்கும் வழவழப்பான பூச்சுக்குப் பளிங்குத் தூளைச் சேர்த்து அரைத்து, அகேட் என்னும் மணிக்கல்லால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி மெருகேற்றுவார்கள். ஒரு நாளில் எவ்வளவு சுவரில் வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டுமே காரை பூச முடியும் என்பதால், தவறினால் அழித்து எழுதும் வசதி அந்த ஓவியருக்கு இல்லை. அந்த உறுதியைக் கோடுகளில் காணலாம். குதிரையின் கழுத்து தொடங்கி வால் வரை ஒரே இழுப்பில் வந்திருக்கிறது.

வண்ணங்களை வைத்து ஒரு சுவரின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்பதை அக்கா சுட்டிக்காட்டினார். காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குப் புகைக்கரி, சுண்ணாம்பு வெள்ளை, அவுரி நீலம் ஆகியவைதாம் பழைய ஓவியர்களின் பெட்டியில் இருந்தவை. ஆகவே பழைய சுவர்கள் செம்மண் நிறத்தில் அடங்கி ஒலிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து செயற்கை வண்ணங்கள் வந்ததும் பளிச்சென்ற நீலமும் சிவப்பும் சுவர்களை ஆக்கிரமித்தன. அதே காலத்தில் அச்சுப்படங்களும் வந்து சேர்ந்தன. ரவி வர்மாவின் அச்சகத்திலிருந்து நாடெங்கும் பரவிய தெய்வப் படங்களின் முகமும் நிழலும் பிற்காலச் சுவர்களில் தெரிகின்றன. எனக்குப் பழைய செம்மண் சுவர்களே பிடித்திருக்கின்றன. புதிய நீலம் தொலைவிலிருந்தே அழைக்கிறது. பழையதோ நெருங்கி வந்தவரிடம் மட்டும் பேசுகிறது.

அருகில் சென்று பார்த்தால் இழப்பும் தெரிகிறது. பல வீடுகளின் சுவரடியில் சாக்கடை ஓடுகிறது. தரையிலிருந்து உப்பு நீரை உறிஞ்சும் சுண்ணாம்புச் சுவரில், நீர் ஆவியாகிய பிறகு உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கிப் பருத்து, வண்ணத்தோடு சேர்த்து அதை உதிர்த்துவிடுகிறது. இடுப்பளவுவரை வெறும் செங்கல்லும் அதற்கு மேலே முழுப் படமுமாகச் சில சுவர்கள் நிற்பது இதனால்தான். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசியவர்கள் நல்லெண்ணத்தில்தான் பூசியிருப்பார்கள். ஆனால் சுண்ணாம்பைப் போலச் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது; தடுக்கப்பட்ட ஈரம் மேலே ஏறி, மிஞ்சியிருக்கும் ஓவியத்தையும் தின்னத் தொடங்குகிறது. இதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது, ஏனெனில் ஒரு சாக்கடையைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி விட்டாலே பல படங்கள் இன்னும் நெடுங்காலம் வாழும்.

திண்ணையில் அமர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காவலாளிப் பெரியவர், தாம் காக்கும் வீட்டுக்கு உரிமையாளர்கள் கொல்கத்தாவிலும் மும்பையிலும் பல கிளைகளாகப் பிரிந்திருக்கிறார்கள் என்றார். “எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, அதனால் யாரும் விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது” என்பது அவர் சொன்ன காரணம். வாசலுக்கு மேலே அறைந்திருந்த மரத் தோரணங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் இந்த வீட்டிலிருந்து மணமாகிச் சென்ற ஒரு பெண்ணுக்கானது என்று விளக்கினார். மணமகன் குதிரைமேல் வந்து அந்தத் தோரணத்தைத் தொட்ட பிறகே உள்ளே நுழைவது இங்குள்ள மரபு. தெருவில் நிற்பவருக்கு ஒரு குடும்பத்தின் திருமணக் கணக்கையும் இந்தச் சுவர் சொல்லிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை, ஃபதேபூர், ராம்கர்

ஃபதேபூரில் விடியற்காலைக் குளிர் கடுமையானது. ராஜஸ்தானின் சமவெளிகளில் மிகக் குறைந்த வெப்பநிலை பல ஆண்டுகளில் இங்கேதான் பதிவாகிறது. 1802இல் கட்டிய ஒரு ஹவேலியை, பிரெஞ்சு ஓவியர் நடீன் லெ பிரான்ஸ் 1998இல் வாங்கிப் பொறுமையாகச் செப்பனிட்டிருக்கிறார். கட்டணம் கொடுத்து அதைப் பார்த்தோம். அக்கறையோடு செய்த வேலை. ஊரின் மற்ற வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன.

அதிக நேரம் செலவிட்டது ராம்கரில். போத்தார் வணிகர்கள் அருகிலுள்ள சுரு என்னும் ஊரின் ஆட்சியாளரோடு வரி தொடர்பாகப் பிணங்கி வெளியேறி, 1791இல் தாங்களே அமைத்துக்கொண்ட ஊர் அது. பழைய ஊரைவிட்டு வந்தவர்கள் புதிய ஊரை அதனினும் மேலாக்கிக் காட்ட முனைந்ததன் வேகம் இன்றும் அங்கே தெரிகிறது. ஊர் ஓரத்தில் போத்தார் குடும்பத்தின் நினைவு மண்டபங்கள், இங்கே சத்ரி என்பார்கள், வரிசையாக நிற்கின்றன. மேடைமேல் ஏறி, குவிமாடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நடுவிலிருந்து விரியும் வட்டத்தில் கண்ணனும் கோபியரும் கைகோத்து ராசலீலை ஆடுகிறார்கள். அதைச் சுற்றிய பட்டையில் இராமாயணக் காட்சிகள். மழையும் வெயிலும் படாத இடம் ஆதலால் வண்ணங்கள் அப்படியே இருக்கின்றன. இறந்தவருக்கு எழுப்பிய மண்டபத்தில் துயரத்தின் சாயலே இல்லாமல் ஆட்டத்தையும் பாட்டையும் வரைந்திருக்கிறார்கள். அக்கா தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டே வரைந்தார். கழுத்து வலிக்காமல் குவிமாடத்தைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

திரும்பும் வழியில் ஒரு பழைய கிணற்றைப் பார்த்தோம். ஷேகாவதியின் கிணறுகளுக்கு மேடையின் மூலைகளில் உயர்ந்த தூண்கோபுரங்கள் இருக்கும். மணல்வெளியில் வருகிற வழிப்போக்கருக்கு நீர் இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்தே அவை காட்டும். அந்தக் கோபுரங்களிலும் பூவேலை தீட்டியிருக்கிறார்கள். தாகத்தோடு வருகிற யாரென்று தெரியாத ஒருவருக்காகத் தீட்டிய பூக்கள் அவை.

சனிக்கிழமை, நவல்கர்

மண்டாவாக் கோட்டையை 1755இல் கட்டத் தொடங்கிய நவல் சிங், அதற்கு முன்பே 1737இல் தம் பெயரில் நிறுவிய ஊர் நவல்கர். இங்கே பக்தோன் சோட்டி ஹவேலியின் சுவரில், பெண்கள் பலர் உடலை வளைத்துப் பின்னி ஒரு யானையாகி நிற்கும் படத்தைக் கண்டதும் நான் அதன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டேன். நவநாரி குஞ்சரம் என்று நம் கோயில் தூண்களில் நாம் பார்ப்பதுதான். அதே சுவரில் ரயில் எஞ்சினும் நீராவிக் கப்பலும் இருக்கின்றன. பழைய கற்பனையும் புதிய இயந்திரமும் ஒரே சுவரில் இருப்பதை அக்காலத்து மக்கள் முரணாக நினைக்கவில்லை.

1902இல் கட்டிய போத்தார் ஹவேலி இப்போது அருங்காட்சியகம். அதன் ஓவியங்களைப் புதிய வண்ணத்தால் மீண்டும் தீட்டியிருப்பதால், அவை நேற்று வரைந்தவை போலப் பளபளக்கின்றன. கட்டப்பட்ட நாளில் இவ்வூர் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அறிய விரும்புகிறவர்களுக்கு அந்த வீடு உதவும், குழந்தைகளுக்கும் அங்கேதான் அதிக மகிழ்ச்சி. மொரார்கா ஹவேலியில் மூல ஓவியங்களே நல்ல நிலையில் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் என் முடிவு உறுதியாயிற்று. மங்கிய கோட்டின் மேல் மற்றொருவர் கோடு ஏறும்போது, ஈரச் சுண்ணாம்பில் தயங்காமல் இழுத்த முதல் ஓவியரின் கை மறைந்துபோகிறது. கழுவித் துடைத்து, ஈரத்தைத் தடுத்து, உதிரும் பூச்சைச் சுண்ணாம்பாலேயே ஒட்டவைப்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும். உதிர்ந்துபோன இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அக்கா இதை முழுவதும் ஏற்கவில்லை. முகம் போன ஒரு கண்ணனைத் தெருவில் வைத்திருக்க வீட்டுக்காரருக்கு மனம் வராது, அவருக்கு அது ஓவியத்துக்கு முன் தெய்வம் என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இங்கே வர விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். கார்த்திகை முதல் மாசி வரை வருவது நல்லது. கோடையில் இங்கே பகலில் நடக்க இயலாது. தெருவிலிருந்து பார்ப்பதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. ஆனால் திறந்திருக்கும் வாசல்களுக்குள் பல இடங்களில் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளி முற்றத்தில் நின்று குரல் கொடுத்து, அழைத்த பிறகு உள்ளே செல்ல வேண்டும், காவலாளிக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம். மின்விளக்கைப் பாய்ச்சிப் படம் எடுக்க வேண்டாம், சுவரை விரலால் தொடவும் வேண்டாம். ஒரு தொலைநோக்கியைக் கையோடு கொண்டு வந்தால், கொடுங்கையின் அடியில் இரண்டு தாங்குகட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சிறிய படங்களையும் தெருவில் நின்றபடியே பார்க்கலாம். மிக நன்றாக எஞ்சியிருப்பவை அவைதாம்.